நாலு தண்ணீர்ப் படிகம்

வந்த பெண் உட்காரவில்லை. காட்டிய நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கையில் நாலாக மடித்த காகிதம் ஒன்று இருந்தது.

"என் வீட்டுக்காரர் யாரையும் கொல்லலைங்க," என்றாள். "ஆனா ஒரு பொண்ணு அவராலதான் செத்துச்சுன்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டார்."

அண்ணி காகிதத்தை வாங்கிப் பிரித்தார். இருபத்தாறு வருடம் தொழிற்சாலைப் பாதுகாப்பு அதிகாரியாக இருந்தவர் அவர். கொதிகலன் வெடித்த இடத்திலும் லிஃப்ட் அறுந்த இடத்திலும் போய் நின்று, தவறு யாருடையது என்று எழுதிக்கொடுப்பதுதான் வேலை. ஓய்வு பெற்ற பிறகும் அதே வேலையைத் தனியாகச் செய்துவந்தார். கணவரின் தம்பி எந்நேரமும் கூடவே திரிந்து 'அண்ணி, அண்ணி' என்று கூப்பிட்டதில் ஊரே அவரை அண்ணி என்றுதான் கூப்பிட்டது. இன்ஸ்பெக்டர்கூட அப்படித்தான். அந்தக் கொழுந்தனுக்கு முப்பத்தைந்து வயது. ஐந்து வேலை மாறியவன். ஆறாவதாக அண்ணியின் வேலையைத் தன் வேலையாக எடுத்துக்கொண்டான். யாரும் கொடுக்கவில்லை என்பதை அவன் பொருட்படுத்தவில்லை.

அவன் எட்டிப் பார்த்துச் சத்தமாகப் படித்தான். "'வால்வை முழுசா மூடினதா ஞாபகம் இல்லை. மூடாம விட்டிருக்கலாம். அதனால அந்தப் பொண்ணு இறந்திருக்கலாம்.' அண்ணி, இது ஒப்புதல் வாக்குமூலமேதான்!"

"ரெண்டு இடத்துல 'இருக்கலாம்'னு இருக்கு, பாத்தியா?" என்றார் அண்ணி. "தப்புப் பண்ணவன் இப்படி எழுத மாட்டான். நீங்க முதல்ல உக்காருங்கம்மா. என்ன நடந்ததுன்னு சொல்லுங்க."

அவள் சொன்னாள். கணவருக்கு ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை. திரவ நைட்ரஜன் நிரப்பும் வேலை. எல்லாரும் வால்வுக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். போன ஞாயிற்றுக்கிழமை பகல், குளிரறையில் இருக்கும் பெரிய கலத்தை நிரப்பிவிட்டுப் பன்னிரண்டே முக்காலுக்கு வீட்டுக்கு வந்துவிட்டார். அன்று மாலை ஆறு மணிக்குக் காவலாளி ரோந்து வந்தபோது அந்த அறைக்குள் ஆய்வு மாணவி ஒருத்தி தரையில் கிடந்தாள். உயிர் இல்லை. கலத்தின் வால்வு திறந்திருந்தது. வெளியே சுவரில் இருக்கும் எக்ஸாஸ்ட் ஃபேன் சுவிட்சு அணைந்திருந்தது. ஜன்னல் இல்லாத அறை. நைட்ரஜன் ஆவி நிறைந்து மூச்சுவிடக் காற்று இல்லாமல் போய்விட்டது.

"முதல் நாள் 'மூடினேன், மூடினேன்'னுதான் சொன்னார். மூணாவது நாள் அவருக்கே சந்தேகம் வந்துடுச்சு. பதினோரு வருஷமா தினமும் மூடற வால்வுங்க. அன்னிக்கு மூடினது தனியா எப்படி ஞாபகம் இருக்கும்? நாள் பூரா அந்தக் கையைத் திருப்பித் திருப்பிப் பாத்துக்கிட்டே உக்காந்திருக்காராம். சாப்பாடு இறங்கலை. ஜெயிலுக்குப் போனா நான் காத்துக்கிட்டு இருப்பேன். ஆனா நாமதான் கொன்னோம்னு நம்பிட்டார்னா அந்த மனுஷன் எனக்குத் திரும்பி வரவே மாட்டார்."

அண்ணி செருப்பை மாட்டிக்கொண்டார். கொழுந்தன் அதற்குள் காரை எடுத்துவிட்டிருந்தான்.

காவல் நிலையத்தில் வால்வுக்காரர் சுவரோரமாகக் குந்தியிருந்தார். ஐம்பது வயது, ஒடிசலான உடம்பு, இடது உள்ளங்கையில் பழைய தழும்பு. அண்ணி எதிரில் அதே தரையில் உட்கார்ந்ததும் பதறிப்போனார்.

"வால்வை எப்படி மூடுவீங்க? வாயால சொல்லாதீங்க, செஞ்சு காட்டுங்க."

அவர் எழுந்தார். இல்லாத கலத்தின் முன் நின்றார். இரண்டு கையிலும் இல்லாத கையுறைகளைப் போட்டுக்கொண்டார். சக்கரத்தைத் திருகினார், நின்றார், மறுபடி கால் சுற்று இறுக்கினார். பிறகு கையுறைகளைக் கழற்றி, ஒன்றன்மேல் ஒன்றாக அந்தச் சக்கரத்திலேயே மாட்டினார். அப்படியே திரும்பி, அறைக்கு வெளியே வந்தவர்போல் இரண்டு எட்டு வைத்து, ஃபேன் சுவிட்சைப் போடுவதுபோல் கை தூக்கினார். பாதியில் கை நின்றுவிட்டது.

"இப்படித்தாங்க. தினமும் இப்படித்தான். ஆனா அன்னிக்கு...?"

"கையுறை எப்பவும் ரெண்டும் போடுவீங்களா?"

"ஒண்ணு மட்டும் போட்டதுக்குத்தாங்க இது." தழும்பைக் காட்டினார். "வேலைக்குச் சேர்ந்த புதுசுல. அதுக்கப்புறம் ரெண்டு கை, ரெண்டு உறை." தழும்பைக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டார். "செத்துப்போன பொண்ணைத் தங்கச்சின்னுதான் கூப்பிடுவேங்க. 'அண்ணே, கலம் ரொம்பிடுச்சா'ன்னு கேட்டுக்கிட்டேதான் உள்ள வரும்."

இன்ஸ்பெக்டர் புகைப்படங்களை மேசையில் பரப்பினார். அவர் மோசமானவர் அல்லர். வேலை அதிகம், அவ்வளவுதான். அண்ணி ஒவ்வொன்றாகப் பார்த்தார். கலத்தின் சக்கரத்தில் ஒரு கையுறை தொங்கியது. இன்னொன்று கலத்துக்குப் பின்னால் தரையில் கிடந்தது. அடுத்த படத்தில் மாணவியின் வலது கை. நகக்கண்களில் ஏதோ கறுப்பாக இருந்தது. விரல் நுனிகள் விளக்கொளியில் பளபளத்தன.

"இது என்ன?"

"கிரீஸ். மிஷின் வேலைதானே, கை அழுக்காகத்தான் இருக்கும்," என்றார் இன்ஸ்பெக்டர். "வால்வு லேசா கசிஞ்சிருக்கு. கொஞ்சம் கொஞ்சமா ரூம் ரொம்பி, அஞ்சு மணிக்கு மேல விழுந்திருக்கா. ஆக்ஸிஜன் குறைஞ்சா கத்தற அலாரம் ரெண்டு மாசமா ரிப்பேர்ல இருக்கு. அன்னிக்குக் கட்டடத்துல மொத்தமே மூணு பேர். காவலாளியோட ரிஜிஸ்டர்ல இருக்கு."

அண்ணி எழுதிக்கொண்டார். சீனியர் ஆராய்ச்சியாளர்: உள்ளே பதினொன்று, வெளியே ஐந்தேகால். வால்வுக்காரர்: வெளியே பன்னிரண்டு நாற்பது. மாணவி: உள்ளே ஒன்றேகால். ஆறு மணி ஐந்து நிமிடத்துக்குக் காவலாளி அவளைப் பார்த்திருக்கிறான். கேஸ் விபத்து என்றால் மின்சார மெயினை அணைக்க வேண்டும் என்று சொல்லி வைத்திருந்ததால், உடனே அணைத்திருக்கிறான். கதவு மூடியிருந்தது, தாழ்ப்பாள் போட்டிருக்கவில்லை என்பதும் அவன் சொன்னதுதான்.

ஆராய்ச்சிக்கூடத்தின் குளிரறை தரைத்தளத்தின் கோடியில் இருந்தது. உள்ளிருந்து தள்ளினால் திறக்கும் கனமான கதவு. அடியில் கறுப்பு ரப்பர் பட்டை. உள்ளே ஒரு மேசை, தராசு, ஆள் உயர நைட்ரஜன் கலம், எதிர்ப்பக்கம் காந்த அளவைக் கருவி. மேசையில் மூடி திறந்த கிரீஸ் டப்பா.

பேராசிரியர் கதவருகிலேயே நின்றார். அறுபதைத் தாண்டிய, தோள் சரிந்த மனிதர். ஞாயிறன்று அவர் வெளியூரில், முந்நூறு பேர் முன்னால் மேடையில் பேசிக்கொண்டிருந்தார். அவருக்கு அடுத்த நிலையில் இருந்தவரைக் கூடத்தில் சீனியர் என்பார்கள். நாற்பது வயது, மடிப்புக் கலையாத சட்டை, நல்ல குரல். அடுத்த மாதம் பேராசிரியரின் நாற்காலி அவருக்குத்தான் என்று எல்லாருக்கும் தெரியும்.

"அந்தப் பொண்ணு என்ன ஆராய்ச்சி பண்ணிட்டிருந்தா?" என்று அண்ணி கேட்டார். "எனக்குப் புரியற மாதிரி சொல்லணும். நான் கொதிகலன் படிச்சவ."

பேராசிரியர் கண்ணாடிக் குப்பி ஒன்றை எடுத்துக் காட்டினார். உள்ளே வெளிர் ரோஜா நிறத்தில் கற்கண்டுபோல் படிகங்கள். "மாங்கனீஸ் குளோரைடு. சாதாரண உப்பு. ஒவ்வொரு மாங்கனீஸ் அணுவும் ஒரு குட்டிக் காந்தம். அதைச் சுத்தி ரெண்டு குளோரின், நாலு தண்ணீர் மூலக்கூறு. அது ஒரு தனி வீடுன்னு வெச்சுக்குங்க. பக்கத்து வீட்டுச் சத்தம் சரியாக் கேக்காது. அதனால அந்தக் காந்தங்கள் ஒண்ணையொண்ணு கவனிச்சு, ஒண்ணு மேல பாத்தா அடுத்தது கீழ பாக்கறதுன்னு ஒழுங்கா நிக்கறதுக்கு ரொம்பக் குளிர் வேணும். தனிப்பூஜ்யம்னா குளிரோட கடைசி எல்லை; அதுக்கு மேல ஒண்ணரை கெல்வினை, அதாவது ஒண்ணரை டிகிரியை, கொஞ்சம் தாண்டின இடம். அதுதான் உலகத்துல எல்லாரும் அளந்தது."

"எல்லாரும் அளந்தது அது," என்று சீனியர் மெல்லச் சிரித்தார். "நான் மெதுவா வளர்த்த படிகத்துல அது ஏழு கெல்வின்லயே நடக்குது. எக்ஸ்ரே எடுத்தா அதே அமைப்பு, அதே நாலு தண்ணீர். ஏன்னு இன்னும் யாருக்கும் தெரியல. போன வருஷம் கட்டுரை வந்தப்போ பெரிய பேச்சு. பாவம், அந்தப் பொண்ணு கடைசி நாள்ல அதைத்தான் உறுதிப்படுத்திட்டிருந்தா. சார்ட் அப்படியே இருக்கு, பாருங்க. காந்தங்கள் ஒழுங்கா நின்ன இடம், ஏழுல வளைவு."

கருவியிலிருந்து நீண்ட சார்ட் காகிதத்தில் மூன்று பேனாக் கோடுகள் இருந்தன. சிவப்பு வெப்பத்தைக் காட்டுவது, நீலம் காற்றழுத்தத்தைக் காட்டுவது, கறுப்பு காந்தத்தைக் காட்டுவது. காகிதம் பத்து நிமிடத்துக்கு ஒரு விரற்கடை நகரும் என்றார் பேராசிரியர். மெயினை அணைத்த இடத்தில் மூன்று கோடுகளும் நின்றிருந்தன. மறுமுனை கிழிந்த விளிம்பு. அண்ணி தம் விரலை வைத்து அளந்தார். பத்து விரற்கடை.

"படிகத்தை எப்படி உள்ள வைப்பீங்க? ஒரு தடவை காட்டுங்களேன்," என்றார் அண்ணி.

இன்ஸ்பெக்டர் முன்னிலையில் காவலர் ஒருவர் கையுறை போட்டுக்கொண்டு கருவியிலிருந்த படிகத்தை இடுக்கியால் எடுத்துக் கண்ணாடிக் குழாயில் போட்டார். வெளுத்துச் சுண்ணாம்புக்கட்டிபோல் இருந்தது. அதை வைத்த கம்பியை அண்ணி தனியாகக் கட்டி வைக்கச் சொன்னார். சீனியர் குப்பியிலிருந்து வேறு படிகம் எடுத்து, வேறு கம்பியில் வைத்து இறக்கினார். யோசிக்காமல் பச்சைப் பொத்தானை அழுத்தினார். பம்ப் உறுமியது. நீலப் பேனா சரியத் தொடங்கியது.

"இது உள்ள இருக்கற காத்தை உறிஞ்சும். அரை மணி, முக்கால் மணி ஓடட்டும். அதுக்கப்புறம்தான் குளிர வைக்கணும். நாம டீ சாப்பிட்டுட்டு வந்துடலாம்."

"பேராசிரியர் சார், நீங்களும் இப்படித்தானா?"

"நான் கருவியைத் தொட்டு எட்டு வருஷம் ஆச்சு. கை நடுக்கம்."

"ஞாயித்துக்கிழமை நீங்க கீழ வந்தீங்களா?" என்று சீனியரைக் கேட்டார்.

"இல்லை. மாடியில படிக அறையிலயே இருந்தேன். அஞ்சேகாலுக்குக் கிளம்பிட்டேன். கீழ இறங்கிப் பாத்திருந்தா..."

டீ சாப்பிட அண்ணி போகவில்லை. மாணவியின் அளவைக் கோப்பை வாங்கி உட்கார்ந்துவிட்டார். கொழுந்தன் கதவை ஆராயப் போனான். கொஞ்ச நேரத்தில் தரையிலிருந்தே கத்தினான்.

"அண்ணி! கதவு உள்பக்கம், இங்க கீழ. ஏதோ வழுவழுன்னு கோடு கோடா இருக்கு. அஞ்சு கோடு!"

அண்ணி முழங்காலிட்டுப் பார்த்தார். முழங்கால் உயரத்திலிருந்து தரையை நோக்கி ஐந்து கிரீஸ் கோடுகள் இறங்கின. அவை முடிந்த இடத்தில் ரப்பர் பட்டை பிய்ந்திருந்தது. நகக்கண்ணில் இருந்த கறுப்பு என்ன என்று இப்போது அவருக்குத் தெரிந்தது. தம் ஐந்து விரல்களையும் அந்தக் கோடுகளுக்கு நேராக, தொடாமல் விரித்துப் பார்த்தார்.

"இன்ஸ்பெக்டரைக் கூப்பிடு," என்றார். "கம்பியில இருக்கற கைரேகையை எடுக்கச் சொல்லு. பொண்ணோட குறிப்பேட்டையும் கொண்டா."

குறிப்பேடு, பக்க எண் போட்டு அலுவலக முத்திரை குத்திய தடித்த நோட்டு. ஞாயிற்றுக்கிழமைப் பக்கத்தில் தேதியும் ஒரு எடையும் மட்டும் இருந்தன. ஓரத்தில் கட்டைவிரல் அளவுக்குக் காகிதம் எண்ணெய் பட்டதுபோல் கண்ணாடியாகியிருந்தது. ஆறு வாரத்துக்கு முந்தைய பக்கத்தின் விளிம்பில் பொடி எழுத்தில் ஒரு வரி: 'ஆறரை எப்படி வரும்? தண்ணீர் எங்கே?'

"தாகமா இருந்திருக்கும்," என்றார் எட்டிப் பார்த்த காவலர்.

அண்ணி அந்தப் பக்கத்தின் தேதியைக் குறித்துக்கொண்டார்.

மறுநாள் காலை பதினோரு மணிக்கு எல்லாரையும் அண்ணி குளிரறைக்கே வரச் சொன்னார். ஃபேன் ஓடியது; கதவு ஒரு நாற்காலியால் முட்டுக்கொடுத்துத் திறந்து வைக்கப்பட்டிருந்தது. பேராசிரியரும் சீனியரும் மேசையருகில் நின்றார்கள், இன்ஸ்பெக்டர் வாசலில். வால்வுக்காரரின் மனைவி நடைவழியில் சுவரோடு ஒட்டி நின்றாள்.

"முதல்ல கதவு," என்றார் அண்ணி. "அந்தப் பொண்ணு தெரியாம மயங்கி விழல. புகை மாதிரி ஆவி வர்றதைப் பாத்திருக்கா. தலை சுத்தியிருக்கு. கதவுகிட்ட வந்துட்டா. தள்ளினா திறக்கற கதவு, கொழுந்தன் ஒத்தை விரலால தள்ளிப் பாத்தான், திறந்துச்சு. அவ முழுக் கையால தள்ளியும் திறக்கல. அப்படியே சரிஞ்சு, கீழ இருக்கற ரப்பரைப் பிச்சு மூச்சு விடப் பாத்திருக்கா. ஏன் திறக்கல?"

"வெளிய தாழ்ப்பாள்!" என்றான் கொழுந்தன். அவனால் அடக்க முடியவில்லை.

"காவலாளி வந்தப்போ தாழ்ப்பாள் இல்லை. அப்போ அவ கருவிப் பக்கம் குனிஞ்சிருந்த நேரத்துல ஒருத்தர் வால்வைத் திறந்துட்டு, வெளிய போய் ஃபேனை அணைச்சுத் தாழ்ப்பாள் போட்டு, பிறகு எடுத்திருக்கார். வால்வுக்காரர் பன்னிரண்டு நாப்பதுக்குப் போயிட்டார். ஒண்ணேகாலுக்கு அப்புறம் இந்தக் கட்டடத்துக்குள்ள ரெண்டே பேர். ஒருத்தி உள்ள."

சீனியரின் முகம் மாறவில்லை. "காவலாளி வாசல்ல இருந்தான். பின்பக்கம் யாராவது வந்திருக்கலாம். நான் அவளை எதுக்குக் கொல்லணும்? என் கண்டுபிடிப்பை உறுதிப்படுத்தினவ."

"அதைத்தான் நானும் நேத்திலிருந்து யோசிச்சேன்." அண்ணி சார்ட்டை மேசையில் விரித்தார். "ஆறு அஞ்சுக்கு மெயின் போச்சு. பின்னால எண்ணுங்க. பத்து விரற்கடை, நூறு நிமிஷம். நாலு இருபத்தஞ்சுக்கு ஆரம்பம். ஒண்ணேகாலுக்கு வந்த பொண்ணு மூணு மணி நேரம் சும்மாவா உக்காந்திருந்தா? முன்னால ஒரு சார்ட் இருந்திருக்கு. கிழிச்சாச்சு. சரி, இதைப் பாருங்க. முதல்ல எது இறங்குது?"

"நீலம்," என்றார் பேராசிரியர். "நாலு விரற்கடை கழிச்சுத்தான் சிவப்பு."

"பம்ப் முதல்ல, குளிர் அப்புறம். இப்போ அவளோட கோப்பு. முப்பத்தொரு சார்ட். முதல் ஒன்பதும் இதே மாதிரி. அப்படித்தான் அவளுக்குக் கத்துக்குடுத்திருக்காங்க. 'தண்ணீர் எங்கே'ன்னு எழுதின நாளுக்கு அப்புறம் இருபத்திரண்டு சார்ட். ஒண்ணு விடாம சிவப்பு முதல்ல, நீலம் அப்புறம். ஏன் சார், அவ வரிசையை மாத்தினா?"

பேராசிரியர், வெளுத்த படிகம் இருந்த குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"வெறும் படிகத்தை அறைச் சூட்டுல வெச்சு முக்கால் மணி நேரம் பம்ப் போட்டா..." என்று ஆரம்பித்தார். "காத்தோட சேத்துப் படிகத்துல இருக்கற தண்ணியையும் உறிஞ்சிடும். நாலுல ரெண்டு போயிடும். மாங்கனீஸ் அணுவோட காந்தக் கணக்கு ஆறைத் தாண்டவே கூடாது, அஞ்சு புள்ளி ஒன்பதுக்கு வரணும். தண்ணி போய் எடை குறைஞ்சது தெரியாம நாலு தண்ணின்னே வெச்சுக் கணக்குப் போட்டா ஆறரை வரும். ஆமாம், ஆறரைதான் வரும்." நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். "தண்ணி போன இடத்துல பக்கத்து அணுவோட குளோரின் வந்து ஒட்டிக்கும். தனி வீடெல்லாம் ஒண்டுக்குடித்தனம் ஆயிடும். பக்கத்து வீட்டுப் பேச்சு சுவர் வழியாவே கேக்கும். அதான் ஏழு கெல்வின்லயே ஒழுங்காயிடுது. ரெண்டு தண்ணி உப்புக்கு அதுதான் அளவு. எல்லாப் புஸ்தகத்துலயும் இருக்கு."

"எக்ஸ்ரே நாலு தண்ணின்னு காட்டுச்சே?" என்றான் கொழுந்தன்.

"எக்ஸ்ரே எடுத்தது பம்ப் போடறதுக்கு முன்னால. காந்தம் அளந்தது பம்ப் போட்டதுக்கு அப்புறம். ஒரே படிகம்னு நெனச்சுக்கிட்டு ரெண்டு வேற பொருளை அளந்திருக்கோம். அந்தக் கட்டுரையில என் பேரும் இருக்கு."

அண்ணி திறந்திருந்த கிரீஸ் டப்பாவை மேசையின் நடுவுக்கு நகர்த்தினார்.

"அவ அதைக் கண்டுபிடிச்சுட்டா," என்றார் அண்ணி. "தண்ணி போகாம இருக்கப் படிகத்துக்குக் கிரீஸ் பூசினா. முதல்ல குளிர வெச்சா. ஞாயித்துக்கிழமை அவ கருவியில வெச்சது கிரீஸ் பூசின படிகம். டப்பா திறந்திருக்கு, விரல்ல கிரீஸ், நோட்டுல கிரீஸ், சாகும்போது கதவுலயும் கிரீஸ். ஆனா கருவியில நமக்குக் கிடைச்ச படிகத்துல மட்டும் பொட்டுக் கிரீஸ் இல்லை. அவ செத்தப்புறம் ஒருத்தர் ஃபேனைப் போட்டு ஆவியைப் போக்கிட்டு உள்ள வந்து, வால்வை மூடி, அவ படிகத்தை எடுத்து, அவ சார்ட்டைக் கிழிச்சு, வேற படிகம் வெச்சு ஓட்டியிருக்கார். போகும்போது மறுபடி வால்வைத் திறந்து, ஃபேனை அணைச்சுட்டுப் போயிருக்கார். ஏழுல ஒரு வளைவு வரணும், அவ அஞ்சேகாலுக்கு அப்புறமும் உயிரோட வேலை செஞ்ச மாதிரி இருக்கணும். வால்வு திறக்க யார் வேணும்னாலும் போதும். படிகம் வைக்க இந்த வேலை தெரிஞ்ச கை வேணும். நேத்து நீங்க எனக்குச் செஞ்சு காட்டினீங்க. ஒரு நிமிஷம்கூட யோசிக்கல. பச்சைப் பொத்தான்தான் முதல்ல."

"அவளே என் முறையையும் ஒப்பிட்டுப் பாத்திருக்கலாமே," என்றார் சீனியர். குரலில் முதல்முறையாகப் பிசிறு தட்டியது. "முதல்ல பம்ப் போடறதுதான் வழக்கம். உலகத்துல பாதிப் பேர் அப்படித்தான் போடறாங்க!"

"கிரீஸ் கையோடவா? அந்தப் படிகத்தைத் தொட்ட கை சுத்தமான கை. அது யார் கைன்னு கம்பி சொல்லிடுச்சு." அண்ணி வாசலைப் பார்த்தார்.

இன்ஸ்பெக்டர் தொண்டையைச் செருமினார். "மூணு விரல் ரேகை. காலையில ரிப்போர்ட் வந்துடுச்சு. நேத்து உங்க டீ கிளாஸ்ல இருந்ததோட ஒத்துப்போகுது. ஞாயித்துக்கிழமை கீழ இறங்கவே இல்லைன்னு எழுதிக் கொடுத்திருக்கீங்க. அவ படிகம் எங்க?"

சீனியர் சட்டையின் கைப்பட்டியை இழுத்துவிட்டுக்கொண்டார். "தொட்டியில," என்றார் கடைசியில். "சுடுதண்ணியில போட்டேன். கரைஞ்சுடுச்சு." பிறகு, யாரிடம் என்றில்லாமல் சொன்னார்: "பத்து வருஷ உழைப்பு. ஒரு மாசம் பொறுத்துக்கோன்னு கெஞ்சினேன். திங்கட்கிழமையே சொல்லப்போறேன்னா."

அவரை அழைத்துப்போன பிறகும் பேராசிரியர் எழவில்லை.

"ஒண்ணு மட்டும் எனக்குத் தெரியல சார்," என்றார் அண்ணி. "அவ யார்கிட்டயும் சொல்லாமத்தான் வேலை செஞ்சிருக்கா. அப்புறம் அவருக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"சனிக்கிழமை என்கிட்ட வந்தா. ரயிலுக்கு நேரமாச்சு. நான் அவனுக்குப் போன் பண்ணினேன். 'அந்தப் பொண்ணு உன் கட்டுரையில தப்புங்குது, திங்கட்கிழமை உக்காந்து பேசிடலாம்'னு." அவர் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். "சாதாரண மரியாதைன்னு நெனச்சேன்."

அண்ணி மாணவியின் கோப்பை அவர் மடியில் வைத்துவிட்டு வெளியே வந்தார். மாடியில் படிக அறையில், மாணவி நூலில் கட்டித் தொங்கவிட்ட ஒரு விதைப்படிகம் கரைசலுக்குள் இன்னும் வளர்ந்துகொண்டிருந்தது. ஆள் இல்லாத ஒரு வாரத்தில் அது நகத்தளவு ஆகியிருந்தது. அதற்கு அடுத்த வாரம் பேராசிரியர் நடுங்கும் கையால் அதற்குக் கிரீஸ் பூசி, முதலில் குளிரவைத்து, தானே அளந்தார். ஏழில் எந்த வளைவும் இல்லை. ஒன்று புள்ளி ஆறில் இருந்தது. அன்றே கட்டுரையைத் திரும்பப் பெற்றுக் கடிதம் எழுதினார். கடிதத்தில் தவறைக் கண்டுபிடித்தவள் என்று அவள் ஒருத்தியைத்தான் குறிப்பிட்டிருந்தார்.

ஆனால் அதெல்லாம் பிறகு. அன்று பகல் அண்ணி நேராகக் காவல் நிலையத்துக்குத்தான் போனார். வால்வுக்காரர் வெளியே பெஞ்சில் மனைவியோடு உட்கார்ந்திருந்தார். விடுவித்துவிட்டோம் என்று சொல்லியாகிவிட்டது. அவர் எழுந்து போகவில்லை.

"சீனியர் பண்ணினதா சொல்றாங்க," என்றார். "ஆனா நான் சரியா மூடாம விட்டு, அவர் வந்து இன்னும் கொஞ்சம் திறந்திருந்தா? அப்போ என் பங்கும்..."

அண்ணி அந்தப் புகைப்படத்தை எடுத்து அவர் மடியில் வைத்தார்.

"சக்கரத்துல என்ன தொங்குது?"

"கையுறை. இடது கை உறை."

"வலது தரையில கிடக்கு. திறந்தவர் அவசரத்துல மேல இருந்த ஒண்ணை மட்டும் எடுத்துப் போட்டுத் திருகிட்டு, பின்னால வீசிட்டுப் போயிருக்கார். நீங்க ஒண்ணை மட்டும் போடற ஆள் இல்லை. ரெண்டையும் கழட்டி சக்கரத்துல மாட்டறதுதான் வால்வுகிட்ட நீங்க செய்யற கடைசி வேலை. அதுக்கு முன்னால என்ன செய்வீங்க?"

அவருடைய வலது கை தானாக எழுந்தது. திருகியது, நின்றது, கால் சுற்று இறுக்கியது.

"மூடினீங்க," என்றார் அண்ணி. "உங்களுக்கு ஞாபகம் இல்லாட்டிப் போகுது. இந்தக் கை மறக்கல."

அவர் புகைப்படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தோள் குலுங்கத் தொடங்கியது. மனைவி பதறித் தோளைப் பிடித்தாள். "அதான் நீங்க இல்லைன்னு ஆயிடுச்சே. இப்போ எதுக்கு அழறீங்க?"

"தங்கச்சிக்காக," என்றார் அவர். "இத்தனை நாள் அதுக்காக அழற யோக்கியதைகூட எனக்கு இல்லைன்னு நெனச்சுட்டு இருந்தேன்டி."

கொழுந்தன் கார்ச் சாவியை எடுத்தவன், அப்படியே மறுபடி சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். அண்ணி பெஞ்சின் மறுகோடியில் உட்கார்ந்தார். வால்வுக்காரர் அழுது முடிக்கும்வரை மூன்று பேரும் அங்கேயே இருந்தார்கள்.